ராகு காலத்து ஜாக்கெட்

எங்கள் சேனலில் தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஓட்டை விழும். ஒரே இடத்தில் விழுந்தாலாவது எதையாவது வைத்து அடைத்துவிடலாம். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு விழும். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு. வீட்டுக் காலண்டரைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ராகு காலம்.

புதுக்கோட்டையில் ஒரு செல்போன் கடைக்கு மேலே மூன்று அறைகளில் நடக்கிற உள்ளூர் சேனல் அது. அதில் எனக்கு நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்று பெயர். எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று எழுதுவது, எழுதியபடி சிஸ்டத்தில் ஏற்றுவது, ஓடாவிட்டால் வருகிற போனை எடுத்துத் திட்டு வாங்குவது, இந்த மூன்றும் என் வேலை. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்பதால் மூன்றாவதை மட்டும் முதலாளி அண்ணன் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் எல்லாருக்கும் இரவு எட்டு மணிதான் வேண்டும். கும்பாபிஷேகம் நடத்திய விழாக் குழுவினர் எட்டு மணிக்குத்தான் போட வேண்டும் என்பார்கள். ஜல்லிக்கட்டு வீடியோவோடு வருகிற காளைக்காரர்களும் எட்டு மணி கேட்பார்கள். காதுகுத்து வீட்டார், டியூஷன் சென்டர் நடத்துகிறவர், பேரனின் பிறந்தநாள் போட்டோ அனுப்புகிறவர், எல்லாருக்கும் அதே எட்டு மணி. ஒரு முறை ஒரு காளையின் பிறந்தநாளுக்கு எட்டு மணியும் ஒரு கோயில் கமிட்டிக்கு ஏழரையும் கொடுத்துவிட்டேன். கமிட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். மாட்டை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, என்னைத்தான் சொன்னார்கள்.

எட்டு மணிக்கு அடித்துக்கொள்கிற இதே ஆட்கள் ராகு காலம் என்றால் ஒரு அடி பின்னால் போய்விடுவார்கள். இலவசமாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். "கட்டில் விளம்பரம்மா அது. ராகு காலத்துல கட்டிலைக் காட்டுனா எவன் வாங்குவான்?" என்றார் ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர். சரி, இதையெல்லாம் பார்க்காதவர்களிடம் போவோம் என்று மீமிசலில் பிரியாணி மாஸ்டராக இருக்கிற பாய் ஒருவரைக் கேட்டேன். "எங்களுக்கு ராகு காலம், எமகண்டமெல்லாம் இல்லம்மா. ஆனா எங்கிட்ட கல்யாண ஆர்டர் தாரவங்க பார்ப்பாங்களே" என்றார்.

ஆகவே அந்த ஒன்றரை மணி நேரமும் சித்தன்னவாசல் ஓடும். சேனல் தொடங்கிய புதிதில் முதலாளி அண்ணன் ஆசைப்பட்டு எடுத்த இருபது நிமிடப் படம் அது. குகையின் கூரையில் இருக்கிற தாமரைக் குள ஓவியத்தைக் கேமரா மெதுவாகச் சுற்றி வரும், பின்னால் புல்லாங்குழல் வாசிக்கும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். அந்தக் குளத்தில் எத்தனை பூ, எத்தனை மீன், எந்த யானை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் எங்கள் இணைப்பு உள்ள வீடுகளில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் போனதற்கு நாங்களே காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஒரு வியாழக்கிழமை மதியம், குளம் மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் படியேறி வந்தார். கழுத்தில் அளவு எடுக்கிற டேப் தொங்கியது. எடுத்து வைக்க மறந்துபோய் அப்படியே கிளம்பியிருக்கிறார்.

"இங்க நிகழ்ச்சி போடுறது யாருங்க?"

"நான்தாங்க."

"நீங்கதானா. அந்தத் தாமரைக் குளத்தை எப்பங்க மாத்துவீங்க?"

ஆலங்குடி ரோட்டில் அவருக்கு ஒரு தையல் கடை. ஒரு மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், சுவரில் ஒரு சின்ன டிவி. குளத்தைப் பற்றி இதற்கு முன்னும் புகார் வந்திருக்கிறது என்பதால் நான் என் வழக்கமான பதிலுக்குத் தயாரானேன். அவர் விடவில்லை.

"இப்ப மணி என்ன? ரெண்டே கால். ராகு காலம். புதுத்துணியை எடுத்துக்கிட்டு ஒருத்தரும் என் கடைக்கு வர மாட்டாங்க. இருக்கிற துணியில கத்தரி வைக்கவும் விட மாட்டாங்க. நான் சும்மா உக்காந்து டிவி பார்க்குறேன். என்னைய மாதிரியே ஊருல பாதிப் பேரு இந்த நேரத்துல புதுசா ஒரு வேலையும் தொடங்காம உக்காந்திருக்காங்க. பார்க்க ஆளு இருக்கிற நேரமாப் பார்த்து நீங்க குளத்தைக் காட்டுறீங்க."

இரண்டு வருடமாக அந்த நேரத்தை யாரும் வேண்டாத நேரம் என்றே நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அது எல்லாரும் சும்மா இருக்கிற நேரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைச் சொல்ல ஒருவர் கடையைச் சாத்திவிட்டு வர வேண்டியிருந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது, வெட்கம் வந்தால் எனக்கு வாய் நீளும்.

"அப்ப நீங்களே வந்து எதாவது காட்டுங்களேன்" என்றேன், வம்புக்குத்தான்.

"வாரேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைதானே?"

வந்தார். தையல் சொல்லித் தருவது என்று முடிவானது. முதலாளி அண்ணனுக்கு ஒரே ஒரு கவலை. ராகு காலத்தில் புதுத்துணியைக் கத்தரியால் வெட்டுவதை வீடு வீடாகக் காட்டினால் ஊர் சும்மா இருக்குமா? தையல்கார அக்கா யோசிக்கவே இல்லை, மேசையில் கிடந்த நேற்றைய பேப்பரை எடுத்து விரித்தார். "பேப்பர்ல வெட்டுவோம். ராகு கோவிச்சுக்க மாட்டாரு." அன்று தலைப்புச் செய்தியின் மீது கோடு போட்டு, விளையாட்டுச் செய்தியில் முதுகையும் தங்க விலையில் கையையும் வெட்டி, ஒரு முழு ஜாக்கெட்டின் வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார். வெட்டிய பேப்பரை வைத்து மறுநாள் நல்ல நேரத்தில் துணியை வெட்டிக்கொள்ளலாம். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது அளவுக்காக ஒரு பழைய ஜாக்கெட்டையும் சேர்த்துக் கொடுப்போமே, அதன் நினைவாக நிகழ்ச்சிக்கு 'அளவு சட்டை' என்று பெயர் வைத்தோம்.

ஒரு நிகழ்ச்சி தினமும் ஒரே நேரத்தில் வர வேண்டும், அப்போதுதான் ஆட்கள் பழகுவார்கள் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். எங்கள் நிகழ்ச்சி ஏழு நாளும் ஏழு நேரத்தில் வந்தது. ஆனாலும் யாரும் தவறவிடவில்லை. வீட்டுக்கு வீடு தொங்குகிற தினசரி காலண்டர்தான் எங்கள் அட்டவணை. எந்தத் துணிக்கடை, எந்த மளிகைக்கடை அச்சடித்துக் கொடுத்த காலண்டராக இருந்தாலும் எங்கள் நிகழ்ச்சி நேரம் அதில் பெரிய எழுத்தில் இருந்தது. நாளுக்குத் தகுந்தபடி பாடத்தையும் மாற்றினார் அக்கா. திங்கட்கிழமை காலை ஏழரை என்பது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற நேரம். அன்றைக்கு யூனிஃபார்மில் பட்டன் தைப்பது, கிழிந்த பையை ஒட்டுவது, இப்படி நின்றுகொண்டே பார்க்கிற பாடம். புதன்கிழமை பன்னிரண்டு மணி என்றால் சமையல் முடிந்து உட்கார்கிற நேரம். அன்று போன் இணைப்போடு நேரலை, பெரிய பாடம். எட்டு மணிக்காரர்களுக்கு வராத போன்களெல்லாம் எங்களுக்கு வந்தன. குளத்துக்கு ஒருவழியாக ஓய்வு கிடைத்தது.

அக்காவுக்கு இதனால் என்ன வேண்டும் என்று ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு ஒரே ஒரு முகூர்த்த ஜாக்கெட்டு வேணுங்க."

அவர் கணவர் இறந்து ஆறு வருடம். அதற்கு முன்னால் ஆவணி, தை மாதங்களில் அவருக்கு நிமிர நேரம் இருக்காதாம். தாலி கட்டும்போது மணப்பெண் உடுத்துகிற முகூர்த்தப் பட்டுக்கான ஜாக்கெட்டை அவரிடம்தான் கொடுப்பார்களாம், கைராசி என்று சொல்லி. அவர் கணவர் போன மாதத்தோடு அது நின்றது. யாரும் மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லவில்லை. யூனிஃபார்ம் தந்தார்கள், நைட்டி தந்தார்கள், புடவைக்கு ஃபால் அடிக்கத் தந்தார்கள். முகூர்த்த ஜாக்கெட் மட்டும் வேறு கடைக்குப் போனது.

"தையக்காரிக்குக் கல்யாண ஜாக்கெட்டுலதாங்க பேரு. மத்ததெல்லாம் கிழிஞ்சதை ஒட்டுற வேலை. ராசி போயிருச்சுங்குறாங்க. எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல, கை இங்கதான் இருக்கு" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "டிவியில என் வேலையைப் பார்த்துட்டு யாராவது ஒருத்தங்க நம்பிக் குடுத்தாப் போதும். அப்பறம் தானா வந்துரும்."

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னேன். என் அம்மா 'அளவு சட்டை'யின் முதல் ரசிகை. ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லா அளவையும் குறித்துவைத்திருப்பவர். அக்கா சொல்வதைத் திருத்துகிற அளவுக்குக்கூடப் போயிருந்தார். அப்படிப்பட்டவர் சோற்றைக் கிளறிக்கொண்டே, "ஆனா நீ பொருத்தமாத்தான் போட்டிருக்க. தாலியறுத்தவளுக்கு ராகு காலந்தானே சரி?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஓட்டையை அடைத்துவிட்டேன் என்ற பெருமையில் நான் செய்திருந்த காரியம் அதுதான். நல்ல காரியத்துக்கு யாரும் கூப்பிடாத ஒருவரை, நல்ல காரியத்துக்கு யாரும் தொடாத நேரத்தில் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறேன். அம்மாவிடம் கத்தினேன். அம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தார். மறுநாள் அக்காவிடம் நேரத்தை மாற்றித் தருகிறேன், காலை பதினோரு மணி, தினமும் ஒரே நேரம் என்றேன். "அப்ப யாருங்க பார்ப்பா? எல்லாரும் வேலையா இருப்பாங்க. இருக்கட்டும் விடுங்க" என்று பேப்பரை விரித்தார்.

ஆவணி வந்தது. நிகழ்ச்சியில் அக்கா காட்டிய மாதிரிகள் ஊரெல்லாம் கல்யாணங்களில் தெரிய ஆரம்பித்தன. கழுத்தில் தாமரை இதழ் வைத்த ஒரு மாதிரி இருந்தது. குளத்தைப் பார்த்துப் பார்த்து வந்த யோசனை என்று அவரே சொன்னார். அதை நான் மட்டும் நாலு கல்யாணத்தில் பார்த்தேன். "அக்கா, ஆர்டர் வருதா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"எனக்கு எங்க வருது? என் நிகழ்ச்சியை போன்ல பிடிச்சுக்கிட்டுப் போயி, இதே மாதிரி தைங்கன்னு கீழராஜ வீதியில ஒரு கடையில குடுக்குறாங்களாம். அந்தக் கடைக்காரர் நேத்து எனக்கே போன் பண்ணி, அந்த இதழை எப்படிம்மா திருப்புறதுன்னு கேக்குறாரு."

"நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன். தப்பாத் தச்சா கட்டப்போற பிள்ளைக்குத்தானே அசிங்கம்."

நான் கொதித்துப் போனேன். ஒரு வாரம் எதிரில் வந்தவர்களையெல்லாம் பிடித்து வைத்துத் திட்டினேன். டிவியில் பார்க்க மட்டும் இனிக்கிறதா, கையில் கொடுக்கக் கசக்கிறதா என்று கேட்டேன். முதலாளி அண்ணன் நான் வருகிற வழியை விட்டு ஒதுங்கிப் போகிற அளவுக்கு நியாயம் பேசினேன்.

கார்த்திகை முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

முகூர்த்தப் பட்டு எடுத்துவந்த அன்றைக்கே, "ஜாக்கெட்டை அக்காகிட்ட குடுக்குறேன்" என்றேன். அம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "டிவியில பாக்குறது வேற, நம்ம வீட்டு விசேஷம் வேற. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா எம் மனசு ஆறாது. இந்த ஒண்ணை மட்டும் எனக்காக விடு" என்று அழ ஆரம்பித்தார். மூன்று நாள் சண்டை போட்டேன். நாலாவது நாள் விட்டுவிட்டேன். அம்மா அழுததால் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டும் இல்லை. அம்மா சொன்னதைக் கேட்டு எனக்கும் உள்ளே எங்கோ ஒரு பயம் தொட்டது. ஊரையெல்லாம் திட்டிய வாய்தான்.

ஜாக்கெட் அதே கீழராஜ வீதிக் கடைக்குப் போனது. அக்காவிடம், "மாப்பிள்ளை வீட்டுலயே தைக்கக் குடுத்துட்டாங்கக்கா" என்று பொய் சொன்னேன். அவர் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "அப்படியா, சரிங்க" என்றார். சுற்றி முடித்து, நூலைக் கடித்து, பாபினை மெஷினில் போட்டார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை. முகூர்த்தம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை. முதலாளி அண்ணன் தன் அன்பளிப்பாக அதை நேரலையாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார். பத்தரைக்கு ராகு காலம், அப்போது நேரலை முடிந்து அக்காவின் நிகழ்ச்சி தொடங்க வேண்டும். என் கல்யாணத்துக்கான அட்டவணையை நானே எழுதி, நானே சிஸ்டத்தில் ஏற்றிவிட்டுத்தான் மருதாணி வைக்கப் போனேன். அக்காவும் வருவதாகச் சொல்லியிருந்தார், பத்து மணிக்குக் கிளம்பி ஸ்டுடியோவுக்குப் போய்விடுவேன் என்று.

மேடையில் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்துக் கொடுத்த முகூர்த்தப் பட்டோடு ஒன்பதே முக்காலுக்கு அறைக்குள் போனேன். முகூர்த்த ஜாக்கெட்டை முன்கூட்டியே போட்டுப் பார்க்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு. ஆகவே அன்றுதான் முதல்முறை போட்டேன். பிடிப்பாகத்தான் இருந்தது. புடவை கட்டி முடித்து, பூ வைப்பதற்காக வலது கையைத் தூக்கினேன். டர்ரென்று ஒரு சத்தம். கை சட்டையோடு சேருகிற கைக்குழியில் நாலு விரல் நுழைகிற அளவுக்குத் தையல் விட்டுப்போயிருந்தது.

சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொரு சேஃப்டி பின்னை நீட்டினார்கள். குத்தினால் பட்டு இன்னும் கிழியும். அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். போன் அடித்தது, முதலாளி அண்ணன்.

"ஏம்மா, பத்து நிமிஷமா நாதஸ்வரக்காரரையே காட்டிக்கிட்டு இருக்கோம். அவரு ஒரு தடவை தண்ணி குடிச்சுட்டே வந்துட்டாரு. பொண்ணு எப்ப வரும்?"

"சித்தன்னவாசலைப் போடுங்கண்ணே" என்றேன்.

போட்டார். மண்டபத்தில் வைத்திருந்த பெரிய திரையில் என் கல்யாணத்துக்கு நடுவே தாமரைக் குளம் ஓட ஆரம்பித்ததாகவும், மாப்பிள்ளை வீட்டார் அதை எங்கள் பக்கத்துச் சடங்கு என்று நினைத்துப் பேசாமல் இருந்ததாகவும் பிறகு சொன்னார்கள்.

"அம்மா, அக்காவைக் கூப்பிடுங்க" என்றேன். அம்மா என்னையும் கடிகாரத்தையும் ஒரு முறை பார்த்தார். யாரையும் அனுப்பவில்லை. தானே எழுந்து போனார்.

மண்டபத்தின் கடைசி வரிசையில், கிளம்பத் தயாராகப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்திருக்கிறார் அக்கா. உள்ளே வந்து என்னைத் திருப்பி நிறுத்தினார். கைக்குழியைப் பார்க்கக் கழுத்துப் பட்டையை மடித்தார். அங்கே கீழராஜ வீதிக் கடையின் பெயர்த்துணி தைத்திருந்தது.

"நம்ம ஊருலதான் தச்சிருக்காங்க போல" என்றார். அவ்வளவுதான்.

அந்த இடத்தில் நான் கூனிக் குறுகிப் போனேன். "அக்கா..." என்றேன். அவர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"கழட்டித் தச்சா கால் மணி நேரம் ஆகும்மா. உடம்புல இருக்கையிலயே தச்சா அஞ்சு நிமிஷம். எது வேணும்?"

உடம்பில் போட்டிருக்கும்போது துணியைத் தைத்தால் ஆகாது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து சொன்னவர் அம்மா. அவர் உதடு ஒரு முறை அசைந்தது. "தைச்சுருங்கம்மா" என்றார்.

அரக்கு நிறப் பட்டுக்கு ஏற்ற நூல் அக்காவின் பையில் இல்லை. அவர் என் முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு இழையைப் பிரித்து உருவினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஊசியின் குளிர்ச்சி அக்குள் பக்கம் ஒரு முறைகூடப் படவில்லை. அவர் மூச்சு மட்டும் தோளில் பட்டது. நான் அழுதுகொண்டே, "மன்னிச்சிருங்கக்கா, பொய் சொன்னேன்" என்றேன்.

"அழாதீங்க, மை கலையும். அப்பறம் அதுக்கு யாரைக் கூப்பிடுவீங்க?" என்று நூலைக் கடித்தார். "கையைத் தூக்குங்க. எறக்குங்க. ம், போங்க. எனக்கு நேரமாச்சு."

பத்து மணி எட்டு நிமிடத்துக்குத் தாலி ஏறியது. தலையைக் குனிந்திருந்தேனே தவிர மனசெல்லாம் பத்தரையில் இருந்தது. பத்தரைக்குத் திரையில் நான் மறைந்து அக்கா வந்தார். ஆட்டோவில் ஓடியிருக்க வேண்டும், நெற்றியெல்லாம் வியர்வை. தோளில் ஒரு அரக்கு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. "இன்னைக்கு நாம பார்க்கப்போறது கைக்குழி" என்றார். "இங்கதான் எல்லாரும் அரை இஞ்சு மிச்சம் பிடிக்கிறோம்ன்னு கோட்டை விடுறது." பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்று முழுவதையும் பார்த்தாராம். என் பெயரை அக்கா எடுக்கவில்லை.

மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியது ஒரு புதன்கிழமை. கிளம்பும்போது அம்மா ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே, முதல் நாள் நான் கேட்டிருந்த முகூர்த்த ஜாக்கெட். நான் எதற்காகக் கேட்டேன் என்று அவருக்குத் தெரியும். "சொல்றதுன்னா சொல்லு. என்னைய மட்டும் இழுக்காத" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு நேரலை தொடங்கியதும் நானும் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேமராவுக்குப் பின்னால் மட்டுமே இருந்து பழகியவள், கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "நான் ஒண்ணு சொல்லணும்க்கா" என்றேன்.

"சொல்லுங்க. இந்த டேப்பைப் பிடிச்சுக்கிட்டே சொல்லுங்க."

பிடித்துக்கொண்டே சொன்னேன். ஜாக்கெட்டை விரித்துக் காட்டினேன். "இது என் முகூர்த்த ஜாக்கெட்டு. இதை இவங்ககிட்டதான் குடுத்திருக்கணும். பயந்துபோயி வேற எடத்துல குடுத்தேன். அது தாலி ஏறுறதுக்கு முன்னாடியே கிழிஞ்சுது. இவங்க வந்து எம் உடம்புல வச்சுத் தச்சாங்க. இந்த எடம், பாருங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு இழை பிரியல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அக்கா தலையைத் தூக்கவே இல்லை. பேப்பரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பன்னிரண்டே காலுக்கெல்லாம் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். அன்று அடிக்கவில்லை. பன்னிரண்டரை ஆனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி அண்ணன் போனை எடுத்து, வேலை செய்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். கெடுத்துவிட்டேன், இருந்ததையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அடித்தது. ஒரு அம்மாவின் குரல், பின்னால் பஸ் ஹார்ன்.

"தையக்கார அம்மாங்களா? நான் கறம்பக்குடிங்க. எம் மகளுக்குத் தை மாசம் கல்யாணம். பட்டு எடுத்துக்கிட்டு ஊருக்குப் போகலாம்ன்னு இங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். டீக்கடை டிவியில இப்பத்தான் பார்த்தோம். புடவை கையிலயே இருக்குங்க. முகூர்த்த ஜாக்கெட்டு. இப்பவே கொண்டாரட்டுங்களா?"

அக்காவின் கத்தரி பேப்பருக்கு நடுவில் நின்றது. முதல்முறையாக அவர் நிமிர்ந்து சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனையோ நாளாக அந்த நேரத்தில்தான் அங்கே உட்கார்ந்திருந்தார், ஒரு நாளும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

"இப்ப வேணாம்மா, ராகு காலம்" என்றார். "ஒண்ணரைக்கு மேல கொண்டாங்க. நான் கடை வாசல்லயே நிக்கிறேன்."